வெட்டத் தெரியும் என்று சொல்லாத காலை

சார் மரத்துக்கு மரம் நின்று வந்தார். வெட்டின பட்டையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் தங்கப்பன் நடந்தார். அவருக்கும் பின்னால் நான், கையில் ரப்பர்ப் பால் வாளியுடன்.

சார் என்று நாங்கள் சொல்வது ரப்பர் தோட்டத்தின் சொந்தக்காரரை. நெய்யாற்றின்கரையில் வீடு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளறடைக்கு உள்ளே கிடக்கும் இந்தத் தோட்டத்துக்கு எப்போதாவதுதான் வருவார். வந்தால் ஒரு சாயா குடிப்பார், பாலை உறைய வைத்து அடிக்கும் ஷீட் எப்படி என்று கேட்பார், போய்விடுவார். அன்றைக்குச் சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மரத்தில் செம்மண் அப்பியிருந்தது. குடையின் நுனியால் அதைச் சுரண்டினார். மண் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பட்டை கிழிந்து வெள்ளைத் தடி தெரிந்தது. அடுத்த மரத்திலும் மண். அதற்கடுத்த மரத்திலும்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்.

"வீட்டில வேறெ ஆருண்டு, வெட்டான்?"

வீட்டில் வெட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள். அவ்வளவுதான் கேள்வி. அதில் கோபம் இல்லை. வேலையை எங்களிடமே விட்டுவைக்க அவர் ஒரு வழி தேடினார் என்று இப்போது புரிகிறது.

தங்கப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாளிக்குள் பார்த்தேன். பாலில் ஒரு எறும்பு மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆருமில்ல சார்," என்றார் அவர்.

ஒரு மரம் முன்னால்

ரப்பர் வெட்டைப் பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால், பெண்டாட்டி எப்போதும் ஒரு மரம் முன்னால் போவாள். போன வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக் கீறலிலிருந்து உரித்து எடுப்பது அவள் வேலை. பால் விழும் சிரட்டையைத் துடைத்துச் சரியாகக் கவிழாமல் வைப்பதும் அவள் வேலை. வெட்டுக்காரன் வந்து நின்றதும் கத்தி வைக்க மரம் தயாராக இருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த வருடத்திலிருந்து அப்படி ஒரு மரம் முன்னால் நடந்தவள் நான்.

முன்னால் நடந்தாலும் கண் பின்னால்தான் இருக்கும். ஒட்டுப்பாலை உரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்ப்பேன். அவர் இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைப்பார். கத்தியை இழுக்கும்போது கை அசையாது, உடம்புதான் மரத்தைச் சுற்றி நகரும். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். மேலே போனால் சத்தம் காய்ந்து கேட்கும், ஆழம் போனால் மங்கிவிடும். சரியான இடத்தில் வெள்ளரிக்காயைச் சீவுவது போல ஒரு சத்தம் வரும். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மரத்துக்கு மரம் பேசிக்கொண்டு போகிறவர்கள் இல்லை நாங்கள். பார்த்தேன், அவ்வளவுதான்.

பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு நாள் கை ஊறியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் விறகுக்கு வாங்கிப் போட்ட ரப்பர்த் தடி கிடந்தது. அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பழைய கத்தியை எடுத்து, தடியை மண்சுவரில் சாய்த்து வைத்து வெட்டிப் பார்த்தேன். முதலில் கட்டை கட்டையாகப் பெயர்ந்தது. பிறகு ஒரு மாதிரி வந்தது. அப்புறம் ஒரு மழைக்காலம் முழுவதும், அவர் இல்லாத நேரங்களில், தடி தடியாக வெட்டினேன். கடைசியில் பட்டை சுருள் சுருளாக விழுந்தது, அவருக்கு விழுவது போலவே. பட்டை சீவப்பட்ட அந்தத் தடிகளை முதலில் அடுப்பில் வைத்து எரித்துவிடுவேன். யாரும் பார்த்துவிடக் கூடாது.

யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தாலே முகம் சூடாகும். "ஏட்டி, நீ வெட்டப் போறியா" என்று ஒருத்தி சிரித்தால் போதும், எனக்கு அந்த நாள் முழுக்கப் போய்விடும்.

கதவிடம் பேசிய அம்மா

போன வாரம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் படங்களோடு எழுதியிருந்தேன். நீங்கள் ஏன் எல்லாப் படத்திலும் ஓரத்திலேயே நிற்கிறீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் அம்மாவிடம் இருக்கிறது.

என் அம்மா வெளி ஆள் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அங்கிருந்து கதவைப் பார்த்தே பேசுவாள். "அவிய இல்ல, வந்தா சொல்லுதேன்" என்று கதவிடம் சொல்வாள். வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டு போவார். பால் சொசைட்டிக்காரர், கரண்டுக்காரர், கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர், யார் வந்தாலும் அதேதான். அம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும், வழக்கு விவகாரத்தில் அப்பாவை விடப் புத்தி ஓடும். எதையும் அவள் வாசலில் நின்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அவள் பக்கத்தில் நின்று நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தோசை சுடக் கற்றேன், ஓலை முடையக் கற்றேன். கூடவே கதவுக்குப் பின்னால் நிற்கவும் கற்றேன். அது தோசையை விட நன்றாக வந்தது.

பள்ளியில் ஒரு விழாவுக்குக் கூட்டுப் பாட்டில் என்னைச் சேர்த்தார்கள். எனக்குப் பாட்டு முழுவதும் தெரியும். ஒத்திகையில் மற்றவர்கள் வரி மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். மேடையில் ஏறியதும் வாயை மட்டும் அசைத்தேன். நன்றாகப் பாடினாய் என்று டீச்சர் முதுகில் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தெரிவது வேறு, தெரியும் என்று நிற்பது வேறு. ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. இரண்டாவதைச் செய்து காட்டிய ஆள் ஒருவரும் என் பக்கத்தில் இருந்ததில்லை. இது அம்மாவைக் குறை சொல்வதற்காக எழுதியது இல்லை. அவளுக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

செம்மண்

தங்கப்பனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும். அது கண்ணில் ஏறும் என்பது தெரியாது.

முதலில் தெரிந்துகொண்டது நான். விளக்கு வெளிச்சத்தில் அவர் கத்தியை வைக்கும் இடம் ஒரு விரல்கடை தள்ளிப் போயிற்று. சத்தம் மங்கிக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பட்டையில் காயம். பால் வழிந்து கீழே மண்ணில் போய்க்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்க்காமல் அடுத்த மரத்துக்கு வருவார்.

ரப்பர் மரத்தில் ஆழமாகக் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை நேராக வளராது. முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கத்தில் வெட்டவே முடியாது. மரம் நிற்கும், பால் தராது. அவருக்கு இது தெரியும். அவர் கையில் மரம் கெட்டது என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. பஸ்ஸ்டாப்பில் அவரை விசாரித்தால் 'வெட்டுக்காரன் தங்கப்பனா' என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெருமை.

சின்னக் காயத்துக்குச் செம்மண்ணும் சாணமும் குழைத்து அப்புவது வழக்கம். எங்கேயாவது ஒன்று இரண்டு மரத்தில் இருக்கும். நான் பால் எடுக்கப் போகும்போது ஒரு சட்டியில் மண் குழைத்துக் கொண்டுபோக ஆரம்பித்தேன். காயம் கண்ட மரத்திலெல்லாம் அப்பினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கத்தியை இங்கே தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த மாதங்களில் ஒவ்வொரு காலையும் அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்தது. நான் என்ன வெட்டுக்காரியா, விறகுத் தடியில் வெட்டினவள் உயிருள்ள மரத்தில் வெட்ட முடியுமா, என்னால் மரம் செத்தால் யார் பதில் சொல்வது. இப்படியே நினைத்து மண்ணைக் குழைத்தேன்.

கடைசியில் அந்த மண்தான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. காயம் பட்டையோடு பட்டையாக இருந்திருந்தால் சாரின் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் படாது. சிவப்பாக வரிசை வரிசையாக அப்பிவைத்த மண் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. சார் கேட்டார், இவர் என்னைப் பார்த்தார், நான் வாளிக்குள் பார்த்தேன். அடுத்த வாரம் கத்தியையும் விளக்கையும் அவர் சாரின் ஷெட்டில் கொண்டு வைத்துவிட்டு வந்தார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார்.

வசந்தாவின் கை

தோட்டத்து வெட்டு வசந்தாவுக்குப் போயிற்று.

வசந்தா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்புத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அது பூட்டிப் போனதும் சும்மா இருக்கவில்லை. பாறசாலைப் பக்கத்தில் பெண்களுக்கு ரப்பர் வெட்டுச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். கொஞ்ச நாள் வகுப்பு. பிறகு போனில் வீடியோ. அதற்கு முன்பு கத்தியைத் தொட்டதே இல்லை அவள்.

பால் எடுக்க ஆள் வேண்டும் என்று வீட்டு வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடம். உள்ளே கட்டிலில் இருந்த தங்கப்பன்தான் பதில் சொன்னார்.

"அவ வாறா. நீ போ மக்கா."

முதல் நாள் நான் பழையபடி ஒரு மரம் முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஜாக்கெட்டுக்கு மேல் அவள் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் விளக்கோடு என் வயதில் ஒரு பெண் மரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தாள். வெட்டு அவ்வளவு நன்றாக இல்லை. கோணல் இருந்தது. அங்கங்கே ஆழம் போயிற்று. தப்பு வந்தால் "ஐயோ போச்சு" என்று தானே சிரித்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு வந்தாள்.

உரிக்க வேண்டிய மரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்து நின்றேன்.

எத்தனையோ வருடம் ஒரு நல்ல வெட்டுக்காரனைப் பார்த்திருக்கிறேன். அவர் கையைப் பார்த்து என் கையும் பழகிவிட்டது. ஆனால் அவரைப் பார்த்து ஒருநாளும் என்னால் முடியும் என்று தோன்றியதில்லை. அவர் வேறு, நான் வேறு. வசந்தாவும் நானும் ஒன்று. ஐந்தாம் வகுப்பில் என் பென்சிலைக் கடன் வாங்கித் தொலைத்தவள். வாய்ப்பாடு வராமல் பெஞ்சில் ஏறி நின்றவள். அவள் கோணலாக வெட்டுவதைப் பார்த்த பிறகுதான், நானும் வெட்டியிருப்பேனே என்று முதல் தடவையாகத் தோன்றியது. இவளை விட நன்றாகவே வெட்டியிருப்பேனே. தோன்றிய நேரத்தில் அந்தத் தோட்டம் எங்கள் கையில் இல்லை.

"என்னட்டி, பேயக் கண்ட மாதிரி நிக்கிய?" என்றாள் வசந்தா.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒட்டுப்பாலை உரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன், பணக் கணக்கு இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்கூடத் தோட்டத்துக்கு வந்திருப்பார். கத்தி தீட்டித் தந்திருப்பார். ஷீட் அடிக்கிற ரோலர் பக்கத்தில் உட்கார்ந்து என் வெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கட்டிலில் உட்கார்ந்து, ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்து அது காட்டாக்கடைக்கா களியக்காவிளைக்கா என்று சொல்லும் மனிதராக ஆகியிருக்க மாட்டார்.

கடும்வெட்டு

இந்த வருடம் சார் மரங்களை முறிக்க, அதாவது அடியோடு சாய்க்க, விற்றுவிட்டார். முறித்த இடத்தில் கைதச்சக்கை போடப் போகிறார்களாம். வெளியூர்க்காரர்கள் அன்னாசி என்று சொல்வது.

முறிக்கப் போகும் மரத்தில் கடைசியாக ஒரு வெட்டு உண்டு. அதைக் கடும்வெட்டு என்போம். மரம் போகப் போகிறதுதானே, மேலேயும் கீழேயும் எவ்வளவு ஆழமாகவும் வெட்டலாம். கிடைக்கிற பாலையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். காயம் பட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"இதுக்கு நல்ல கை ஒண்ணும் வேண்டாம். நீயும் ஒரு வரிசையப் பிடி," என்று சொல்லி வசந்தா கூடுதலாக இருந்த கத்தியை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கினேன். மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அன்று ஏனோ வாயில் வரவில்லை. பக்கத்து வரிசையில் அவள் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் மரத்தில் பட்டை கட்டை கட்டையாகப் பெயர்ந்தது. இரண்டாவது மரத்தில் இடது காலைப் பின்னால் வைத்தேன். பட்டை சுருண்டு விழுந்தது. வெள்ளரிக்காய் சீவும் சத்தம் வந்தது. வரிசை முடியும் மட்டும் நிமிரவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் தங்கப்பன் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். முறிப்பதற்கு முன்னால் ஒருதடவை. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. என் வரிசையில் ஒரு மரத்தைத் தொட்டுப் பெருவிரலை வெட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். மேலிருந்து, பால் வடியும் சில்லு வரை. திரும்பவும் ஒருதடவை ஓட்டினார்.

"கடும்வெட்டுல ஆருட்டி இவ்வளவு பதமா வெட்டுதது?" என்றார். "வசந்தா இல்லியே."

"நானாக்கும்."

அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கு சாரு கேட்டப்போ நான் உன்னப் பாத்தேன். நீ குனிஞ்சுட்ட. கண்ணு போனவனுக்க வேலையச் செய்ய உனக்கு மனசில்லன்னு நினைச்சேன்."

இத்தனை நாளும் அவர் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பானையில் சாப்பிட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு ஒருநாளும் கேட்கவில்லை.

"மனசில்லாம இல்ல," என்றேன். "என்னால ஆவும்னு எனக்கே தெரியல்ல."

"எனக்குத் தெரியும். நீ விறகுத் தடியில வெட்டிப் பழகுனத நான் பாத்திருக்கேன்."

"பின்ன ஏன் சாருகிட்ட சொல்லல்ல?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு நான் சரியாகத் தெரிய மாட்டேன். ஆனாலும் திருப்பிக்கொண்டார்.

"நீயா சொல்லணும்னு நின்னேன். நான் சொன்னா, எனக்குக் கண்ணு தெரியல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவுமில்லியா."

நான் அவர் கையை மரத்திலிருந்து எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். என்னால் முடியும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் அன்று எனக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திங்கட்கிழமை மரம் முறிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.